எல்லை தாண்டும் நிறைமாதம்

காரைக்காலில் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் சற்று நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர், கிழக்கே கடல். சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம். 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்துச் சொச்சம் மக்கள். தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே நூற்றுமுப்பது கிலோமீட்டர் வாக்கில் ஓட வேண்டும். நாகப்பட்டினமோ இருபது கிலோமீட்டர்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் நடக்கிறதே தவிர, சர்க்கார் கிழித்த கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவளுக்குப் பொறையாறு தாய்வீடு. நாகூர்ப் பெண் காரைக்கால் நகரத்தில் மருமகள். பட்டினச்சேரியில் பிறந்தவள் நாகை அக்கரைப்பேட்டையில் குடித்தனம்.

மற்ற நாளில் இதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரு காலத்தில் மட்டும் இந்தக் கோடு வீட்டுக்குள் வந்து நிற்கிறது. அது வளைகாப்பு முடிந்த மறுநாள்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, அவரவர் குல வழக்கப்படி வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சாதம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். தலைப்பிரசவம் அங்கேதான். முஸ்லிம் வீடுகளிலும் மீனவர் தெருக்களிலும் சடங்கு வேறுபடலாம். பெண் தாய்வீடு போவது மாறாது. அதாவது, அதுவரை அவளைப் பரிசோதித்து வந்த செவிலியர், டாக்டர், லேப், பதிவேடு எல்லாமே அன்றோடு ஒரு பக்கம் நின்றுவிடுகின்றன. மறுபக்கத்தில் அவள் புது நோயாளி. கர்ப்பத்தின் மிக முக்கியமான கடைசி மாதங்களைத் தன்னைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு மேசைக்கு முன்னால் தொடங்குகிறாள்.

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு கர்ப்பத்துக்கு எட்டுப் பரிசோதனைகள் வேண்டும் என்கிறது. அவை விழும் வாரங்கள்: 12, 20, 26, 30, 34, 36, 38, 40. ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு அனுப்பிவிட்டால், எட்டில் ஐந்து பரிசோதனை தாய்வீட்டுக் கணக்கில் விழும். ஒன்பதில் அனுப்பினாலும் கடைசி மூன்று அங்கேதான். இந்த நெருக்கமும் புதிதல்ல. பிரிட்டனில் 1929-ல் சுகாதார அமைச்சகம் வகுத்த அட்டவணை, 28 வாரத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 36-க்குப் பின் வாரம் ஒருமுறை என்றது. ஏறக்குறைய நூறு வருடமாக வைத்தியம் ஒன்றைத்தான் சொல்லி வருகிறது: முடிவு நெருங்க நெருங்க அடிக்கடி பார். நம் வழக்கமோ அந்த நேரத்தில்தான் பார்க்கும் ஆளை மாற்றுகிறது.

இதைச் சொன்னதும், "அப்படியானால் தாய்வீடு போவதை நிறுத்திவிடலாமே" என்று சில டாக்டர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மாமியார் வீட்டில் நிறைமாதக்காரி பகலில் படுத்தால் ஒரு பேச்சு, இரண்டு தோசை கூட கேட்டால் ஒரு பார்வை. தாய்வீட்டில்தான் அவள் காலை நீட்டித் தூங்குகிறாள். இது வெறும் பாசக் கதையும் இல்லை. காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலத்தில், 1895-ல், பாரிசில் அடோல்ஃப் பினார் என்ற மகப்பேறு மருத்துவர் இதைத் தராசில் நிறுத்துக் காட்டினார். கடைசி மாதங்களில் விடுதியில் ஓய்வெடுத்த ஏழைப் பெண்களின் குழந்தைகள், வலி எடுக்கும்வரை உழைத்த பெண்களின் குழந்தைகளைவிட எடை கூடப் பிறந்தன. வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக் குழல் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பாரிசில் விடுதி கட்டிக் கொடுக்க வேண்டியிருந்த ஓய்வை இங்கே அம்மா வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு வைத்தியம் என்ன சாதிக்கும்? வழக்கம் இருக்கட்டும். அவள் பின்னால் போக வேண்டியது போகவில்லை என்பதுதான் என் குறை.

போக வேண்டியது என்ன என்று பார்க்க, அந்தக் கடைசி மாதங்களின் செக்கப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். எடை, பிரஷர், சிறுநீர், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கட்டிலில் இரண்டு நிமிடம். "எல்லாம் நல்லா இருக்கு, அடுத்த வாரம் வாம்மா." இதற்காகவா காலை எட்டு மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம் என்று கூட வந்த பாட்டிக்குத் தோன்றும்.

கட்டிலில் நடப்பதை எடுத்துக்கொள்வோம். செவிலியரோ டாக்டரோ முதலில் கையை வைக்கிறார். மேல் வயிற்றில் தட்டுப்படுவது உருண்டையாக, கெட்டியாக இருக்கும் தலையா, மெத்தென்று இருக்கும் புட்டமா. முதுகு எந்தப் பக்கம். கீழே இடுப்பெலும்புக்கு மேல் தலை இன்னும் ஆடுகிறதா, இறங்கி நின்றுவிட்டதா. "தலை திரும்பிடுச்சு" என்று அவர் சொல்லும் இரண்டு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அடுத்து டேப். சட்டை அளவெடுக்கும் அதே டெய்லர் டேப்தான். கீழே இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்கிறார். 24 வாரத்திலிருந்து 36 வாரம்வரை அந்த எண் வார எண்ணோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். இரண்டு முன்பின் இருக்கலாம். 32 வாரத்தில் 28 சென்டிமீட்டர் என்றால் குழந்தை வளரவில்லையோ, நீர் குறைவோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போதுதான் ஸ்கேனுக்கு வேலை.

பிரஷர் பார்ப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவளின் கையில் உடனே பட்டையைச் சுற்றினால் அது பஸ்ஸின் பிரஷரைத்தான் காட்டும். ஐந்து நிமிடமாவது உட்கார வைக்க வேண்டும். பேச்சுக் கொடுக்கக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். கூட்டம் நிறைந்த காலை ஓ.பி.யில் இந்த ஐந்து நிமிடம்தான் முதலில் பறிபோகிறது.

மேல் எண் 140, கீழ் எண் 90. இவற்றில் ஒன்றைத் தொட்டாலே எச்சரிக்கை. 160-க்கு 110 என்றால் அவசரம். சிறுநீரில் புரதமும் தென்பட்டால் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய் தலைகாட்டிவிட்டது என்று அர்த்தம். அது முற்றினால் வலிப்பு. ஊரில் "ஜன்னி கண்டுடுச்சு" என்று சொல்வது பல நேரம் இதைத்தான். வலிப்பைத் தடுக்க மருந்து இல்லாமல் இல்லை. மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான உப்பு ஊசி. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளிவந்தது. அந்த ஊசி வலிப்பின் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது. ஊசி ஆஸ்பத்திரியில் தயாராக இருக்கிறது. யாருக்குப் போட வேண்டும் என்பதை நேரத்தில் கண்டுகொள்ளும் கண்தான் வேண்டும். அந்தக் கண் இந்தச் சாதாரண செக்கப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. இந்த நோய்க்கு வெகுநாள் வலி கிடையாது. கால் வீங்கினால் "நிறைமாசத்துல நீர் கோக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிவிடுவார்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் நெஞ்செரிச்சல் போல ஒரு வலி, காலையில் எழுந்ததும் முகமும் விரல்களும் உப்பியிருப்பது என்று அது வெளியே தெரியும்போது பாதி நேரம் போய்விட்டிருக்கும்.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். கற்பனையாக ஒரு பெண். காரைக்கால் பகுதித் திருமலைராயன்பட்டினத்தில் புகுந்த வீடு, திருவாரூர்ப் பக்கம் தாய்வீடு. மூன்றாம் மாதத்தில் அவளுடைய பிரஷர் 100-க்கு 60. ஆறாம் மாதத்தில் 110-க்கு 70. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போய், 36-வது வாரத்தில் அங்குள்ள சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள்: 134-க்கு 86. எல்லைக்குள்தான் இருக்கிறது. நார்மல் என்று எழுதி, அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. அவர்களுக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு எண். பழைய இரண்டு எண்களும் பக்கத்தில் இருந்திருந்தால், இவளுக்கு மேலே 34-ம் கீழே 26-ம் ஏறியிருப்பது தெரிந்திருக்கும். இந்த ஏற்றத்தை மட்டும் வைத்து நோய் என்று இன்றைய மருத்துவம் முடிவு கட்டுவதில்லை. ஆனால் அனுபவமுள்ள எந்தச் செவிலியரும் அவளை ஒரு வாரம் விடமாட்டார். சிறுநீரை மறுபடி பார்ப்பார், இரண்டு நாளில் வரச் சொல்வார். 140-ஐ அவள் தொடுவது அந்த ஒரு வாரத்துக்குள்ளாகவே இருக்கலாம்.

எல்லாப் பரிசோதனையும் இப்படித்தான். தனித்தனியாகப் பார்த்தால் எண். வரிசையாகப் பார்த்தால்தான் சேதி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.5 என்றால் சோகை. ஆனால் 11-லிருந்து இறங்கிய 9.5 வேறு, 7.5-லிருந்து ஊசி போட்டு ஏறிய 9.5 வேறு. முன்னவள் மாத்திரையைச் சாப்பிடாமல் இருக்கலாம், அல்லது எங்கோ ரத்தம் போகலாம். பின்னவள் சரியான வழியில் வருகிறாள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்குச் சோகை. நாடு முழுக்க 52 சதவீதம். சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை இன்னும் நம் தெருக்களில் உயிரோடுதான் இருக்கிறது. சர்க்கரையும் அப்படியே. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 140-ஐத் தாண்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் ஓயாமல் வலியுறுத்தி நாடு முழுக்க வழக்கத்துக்குக் கொண்டுவந்த எளிய முறை இது. முதல் தடவை சரியாக இருந்தாலும் ஆறேழு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது தடவை வளைகாப்புக் காலத்தில் வருகிறது. இங்கே "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அங்கே "உங்க ஊர்லயே பார்த்திருப்பாங்களே" என்பார்கள். நெகட்டிவ் குரூப் ரத்தம் உள்ளவளுக்கு 28-வது வாரத்தில் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியும் இதே சந்தில்தான் மாட்டிக்கொள்கிறது.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. நிறைமாதக்காரியை யார் பார்க்க வந்தாலும் முதல் கேள்வி, "ஸ்கேன் எடுத்தாச்சா?" பிரஷர் எவ்வளவு என்று கேட்கிற உறவினரை நான் கண்டதில்லை. "எடை கம்மி", "தண்ணி கம்மி", "கொடி சுத்தியிருக்கு" என்ற மூன்று சொற்கள் போதும், வீடே இரவு தூங்காது. கடைசி மாத ஸ்கேன் சொல்லும் குழந்தை எடை பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும் என்பதும், கழுத்தில் கொடி சுற்றிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை சுகமாகவே பிறக்கின்றன என்பதும் அந்த நேரத்தில் யார் காதிலும் ஏறாது. எல்லாருக்கும் கட்டாயம் வேண்டியது 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குப் பிந்தியவை டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்.

மூன்றாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் பிரசவ நாளை ஒரு வாரத்துக்குள் துல்லியமாகச் சொல்லும்; ஒன்பதாம் மாதத்து ஸ்கேன் மூன்று வாரம்வரை தவறலாம். நாள் கடந்துவிட்டதா, வலி வர மருந்து கொடுக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்பதெல்லாம் அந்த முதல் ஸ்கேனை வைத்துத்தான் முடிவாகும். நம் பெண்கள் கையில் எடுத்துப் போவது கடைசி ஸ்கேனை. பீரோவில் விட்டுப் போவது முதல் ஸ்கேனை.

"அட்டைதான் கொடுத்திருக்கிறோமே" என்று சுகாதாரத் துறை சொல்லும். உண்மை. தாய்-சேய் பாதுகாப்பு அட்டை நாடு முழுக்க உண்டு. பிரதமரின் பாதுகாப்பான தாய்மை இயக்கம் 2016-ல் தொடங்கியதிலிருந்து மாதந்தோறும் 9-ம் தேதி நான்காம் மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை டாக்டர் பார்க்கிறார். ஆபத்து இருந்தால் அந்த அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரசு மருத்துவமனைக்கும் தனியார் கிளினிக்குக்கும் மாறி மாறிப் போகிற பெண்ணின் அட்டையைத் திறந்து பாருங்கள். அரசு நிலையத்தில் பார்த்தது அட்டையில் இருக்கும். தனியாரில் பார்த்தது அங்குள்ள கேஸ் ஷீட்டில் இருக்கும். வீட்டுக்கு வருவது மருந்துச் சீட்டும் பில்லும்தான். வளைகாப்பன்று பெட்டியில் பட்டுப்புடவை, நகை, பேரீச்சம்பழம், குங்குமப்பூ எல்லாம் எண்ணி வைக்கப்படும். அட்டை மாமியார் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் தங்கிவிடும். தாய்வீட்டில் புதிதாக ஒரு அட்டை போடுவார்கள். அதில் முதல் ஆறு மாதக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

சாதாரண இரண்டு ஊர்களுக்கு இடையில் இது நடந்தால், ஒரு துறை, ஒரு பதிவேடு, மேலே ஒரே அதிகாரி. போன் போட்டுக் கேட்டுவிடலாம். இந்தக் கோட்டில் அரசே இரண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குப் பிக்மி பதிவு உண்டு. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பாடு. அங்கே கிராம சுகாதாரச் செவிலியர். இங்கே புதுச்சேரி அரசின் ஏ.என்.எம். செவிலியர். அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய். இங்கே உதவித் திட்டங்கள் வேறு. இரண்டு பக்கமும் மத்திய அரசின் எண் ஒன்று பொதுவாக ஓடினாலும், எந்தப் பக்கம் பதிவு செய்தால் எந்தப் பணம் வரும் என்ற கணக்கு வீட்டில் ஓடும்போது, பதிவுகள் இரண்டாகிப் போவதில் வியப்பில்லை. இதற்காக அந்தக் குடும்பத்தைக் குறை சொல்பவர்கள் நிறைமாதத்தில் கைச்செலவு என்னவென்று அறியாதவர்கள். வாஞ்சூர்ச் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பையையும் பிரித்து மது பாட்டில் தேடுகிறார்கள். இந்தக் கோட்டில் நிர்வாகத்தின் கவனம் அவ்வளவுதான்.

எண்ணிக்கையிலும் இந்தப் பிரதேசம் கண்ணில் படாது. பிரசவ மரணத்தைச் சொல்லும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2018-20 அறிக்கையில், ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறப்பு, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. புதுச்சேரிக்குத் தனி எண் கிடையாது. சின்னப் பகுதி என்பதால் "மற்றவை" என்ற வரிசைக்குள் போய்விடும். அதற்குள் காரைக்கால் இன்னும் சின்னது. கேரளத்தின் 19-க்கும் தமிழ்நாட்டின் 54-க்கும் நடுவில் இருப்பது பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும் இல்லை. இரண்டு மாநிலத்திலும் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் முன்பே யார் ஆபத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துவைத்திருப்பதில்தான் மிச்ச வித்தியாசத்தில் பெரும்பங்கு இருப்பதாக நான் நினைக்கிறேன்.

கட்டடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை உண்டு. 2016-ல் ஜிப்மர் தன் மருத்துவக் கல்லூரிக் கிளையைத் தொடங்கியது. தனியார் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 2022 ஜனவரியில் நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. திருவாரூரில் ஏற்கெனவே ஒன்று. இவற்றைச் சுற்றிவர அரை நாள் போதும். இவ்வளவு மருத்துவம் நெருங்கிக் கிடக்கும் டெல்டா மூலையில், ஒரு கர்ப்பிணியின் ஆறு மாதக் குறிப்பு இருபது கிலோமீட்டர் கடந்து வருவதில்லை என்பது வசதிக் குறைவால் வந்த வினையா?

தாய்வீட்டுப் பிரசவம் நமக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. ஜப்பானிலும் கடைசி மாதங்களில் பெண்கள் பிறந்த ஊருக்குப் போய்ப் பிள்ளை பெறுவது பழக்கம். டோக்கியோவில் வேலை பார்க்கிறவள் வடகோடித் தீவிலுள்ள அம்மா வீட்டுக்குப் போவாள். அங்கே 1942-ல் கர்ப்பிணிக் கையேடு கொடுக்கத் தொடங்கி, 1948-லிருந்து அதைத் தாய்க்கும் சேய்க்கும் பொதுவான ஒரே புத்தகமாக்கினார்கள். எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் அந்தப் புத்தகத்தில்தான் எழுத வேண்டும். புத்தகம் தாயிடமே இருக்கும். ஊருக்குப் போகிறவள் பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் முன்கூட்டியே இடம் சொல்லிவைக்கிறாள்; எட்டாம் மாத வாக்கில் பழைய டாக்டரின் அறிமுகக் கடிதத்தோடு அங்கே போய்ச் சேருகிறாள். அந்த நாட்டின் பணத்தையும் இயந்திரங்களையும் நம்மோடு ஒப்பிட வேண்டாம். ஒரு கடிதம் எழுதுவதற்குப் பணம் எதற்கு?

டிஜிட்டல் ஆரோக்கியக் கணக்கு வந்துவிட்டது, இனி எல்லாம் கணினியில் கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும். ஆனால் காலை பத்தரைக்கு முன்னால் ஐம்பது பேர் பெஞ்சில் இருக்கும்போது, எந்தச் செவிலியரும் பக்கத்து அரசின் சர்வரைத் திறந்து ஆறு மாதத்துக்கு முந்தைய பிரஷரைத் தேட மாட்டார். கையில் ஒரு தாளைக் கொடுத்தால் பார்ப்பார். எனக்கு வேண்டியது அந்த ஒரு தாள். பெயரும் எண்ணும், கடைசி மாதவிலக்குத் தேதி, முதல் ஸ்கேன் சொன்ன பிரசவ நாள், ரத்த வகை, இதுவரை பார்த்த எல்லாப் பிரஷரும், எடையும், ஹீமோகுளோபினும் தேதியோடு ஒரே பத்தியில், சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட் எப்போது பார்த்தது, எவ்வளவு, முன்பு ஆபரேஷன் ஆகியிருந்தால் எதற்காக ஆனது. கடைசியாக, பார்த்துவந்த செவிலியரின் போன் எண்ணும், தாய்வீட்டுப் பக்கம் முதல் செக்கப்புக்குப் போக வேண்டிய நாளும். அந்த நாளை இந்தப் பக்கச் செவிலியரே அந்தப் பக்கம் பேசிக் குறித்துத் தர வேண்டும். அரசு நிலையம், தனியார் கிளினிக் என்ற பேதமில்லாமல், வளைகாப்பு நாள் குறித்தாயிற்று என்று பெண் வந்து சொன்னதும் இந்தத் தாள் தயாராக வேண்டும். அங்கன்வாடிகள் மூலம் சமுதாய வளைகாப்பு நடத்துகிறார்கள். வளையல், தட்டு, ஐந்து வகைச் சோறு, அமைச்சரோடு புகைப்படம். அந்தத் தட்டில் இந்தத் தாளையும் வைக்கலாம்.

மாமியார்மார்களிடமும் ஒரு விண்ணப்பம். சம்பந்தி வீட்டுக்குப் போகும் சீரில் என்ன குறைந்தது, என்ன கூடியது என்ற விசாரணையில் காட்டும் கண்டிப்பை அட்டையிலும் காட்டுங்கள். அம்மாக்களிடமும் ஒன்று: பெண் வந்து இறங்கிய வாரமே செக்கப்புக்கு அழைத்துப் போங்கள், "இப்பதானே அங்க பார்த்துட்டு வந்தா" என்று மூன்று வாரம் தள்ளாதீர்கள். திருக்கருகாவூர்க் கோயில் விளக்கெண்ணெயைத் தடவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரஷர் பார்ப்பதை அது ஈடுகட்டாது. சாப்பிட்டபின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லையென்றால், நல்ல நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி கிட்ட இருக்கிறதோ அங்கே போங்கள். அவசரத்துக்கு வந்தவளை ஊர் கேட்டுத் திருப்பும் உரிமை எந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. காரைக்கால் கலெக்டரும் நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் கலெக்டர்களும் தங்கள் சுகாதார அதிகாரிகளோடு ஒரு நாள் ஒரு மேசையில் உட்கார வேண்டும். ஆற்றுத் தண்ணீருக்கும் மீனவர் தகராறுக்கும் அதிகாரிகள் எல்லை தாண்டிப் பேசுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

அதை ஆடி முடிவதற்குள் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆவணியில் முகூர்த்தம் தொடங்கியதும் இந்தப் பக்கம் வளைகாப்புகள் வரிசையாக வரும். ஆவணியில் ஏழாம் மாதம் என்றால் பிரசவம் கார்த்திகையில். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகில்தான் கரையேறியது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம். புயல் எச்சரிக்கை வந்ததும், நாள் நெருங்கிய கர்ப்பிணிகளின் பட்டியலை எடுத்து, ஆம்புலன்ஸ் அனுப்பி, முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதைத் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை வழக்கமாகச் செய்கிறது. காரைக்காலில் பதிவு செய்து, நாகைப் பக்கம் அம்மா வீட்டில் ஓட்டுக் கூரையின் கீழ் படுத்திருக்கும் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால், அவள் அங்கே இருக்கிறாள் என்பது அந்த ஊர்ச் செவிலியருக்கு ஐப்பசி பிறக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.